செஸ் என்ஜின் எழுதும்போது எங்கே குறுக்குவழி போகலாம், எங்கே போகக் கூடாது

1982-ல் டேவிட் ஹார்ன் என்பவர் சின்க்ளேர் இசட்எக்ஸ்81 என்ற சின்னக் கணினிக்கு ஒரு செஸ் ப்ரோக்ராம் எழுதினார். அந்தக் கணினியின் மெமரி மொத்தமே 1 கிலோபைட். அதற்குள் 672 பைட்டில் அவர் ஆட்டத்தை அடக்கிவிட்டார். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தப் பத்தியைக் கணினியில் சேமித்தால் அதைவிட அதிக இடம் பிடிக்கும். ஆனால் அந்த ப்ரோக்ராமுக்குக் காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் நகர்த்துவது) தெரியாது, என் பாசான் (சிப்பாய் சிப்பாயை வெட்டும் ஒரு தனி விதி) தெரியாது, கடைசி வரிசையை எட்டிய சிப்பாயை ராணியாக்கவும் தெரியாது.

அதற்கும் முன்னால், 1956-ல், லாஸ் அலமோஸில் மேனியாக் 1 கணினிக்கு எழுதியவர்கள் பலகையையே சுருக்கிவிட்டார்கள். 64 கட்டத்துக்குப் பதில் ஆறுக்கு ஆறு, 36 கட்டம். பிஷப்புகளை எடுத்தே விட்டார்கள். அப்படியும் நான்கு படி (ஒருவர் ஆடும் ஒரு நகர்வு ஒரு படி) முன்னே யோசிக்க அதற்குப் பன்னிரண்டு நிமிடம் வரை பிடித்தது.

இரண்டும் குறுக்குவழிதான். இருந்தும் அவற்றை யாரும் குறை சொல்வதில்லை. எதை விட்டோம், ஏன் விட்டோம் என்பது எழுதியவர்களுக்குத் தெளிவாகத் தெரியும். கணினியில் இடம் இல்லை, அவ்வளவுதான். இன்று தன் முதல் என்ஜினை, அதாவது செஸ் ஆடும் ப்ரோக்ராமை, எழுத உட்காருகிறவருக்கு அந்த நெருக்கடி கிடையாது. அவர் குறுக்குவழியில் போவது பெரும்பாலும் "இதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற நினைப்பில். அந்த அப்புறம் வருவதற்குள் அதன் மேல் நாலு மாடி எழும்பியிருக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் முறைப்படி, முழுமையாகச் செய் என்று சொல்ல வரவில்லை. செஸ் என்ஜினில் ஒரு பகுதி முழுக்கக் குறுக்குவழிகளால் ஆனது. அவை இல்லாவிட்டால் அது ஓடவே ஓடாது. இன்னொரு பகுதியில் ஒரு குறுக்குவழிகூட ஆகாது. எது எந்தப் பகுதி என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

எந்த என்ஜினிலும் மூன்று வேலைகள் உண்டு. இந்த நிலையில் எந்தெந்த நகர்வுகள் செல்லும் என்று பட்டியல் போடுவது ஒன்று. அவற்றில் ஒவ்வொன்றையும் ஆடிப்பார்த்து, எதிராளி என்ன ஆடுவார், அதற்கு நாம் என்ன ஆடுவோம் என்று முன்னே முன்னே போய்ப் பார்ப்பது இரண்டாவது. இதைத் தேடல் என்போம். போன இடத்தில் நின்று, யார் கை ஓங்கியிருக்கிறது என்று ஓர் எண்ணைச் சொல்வது மூன்றாவது; இது மதிப்பீடு. சிப்பாய்க்கு 100, யானைக்கு 500, ராணிக்கு 900 என்று கூட்டிக் கழித்தாலே மதிப்பீட்டுக்கு ஓர் ஆரம்பம் கிடைத்துவிடும்.

விதிகள் என்ற பகுதி

முதல் வேலையில்தான் ஆசை அதிகம். குதிரை, யானை, பிஷப் எல்லாம் ஒரே மாலையில் நகர ஆரம்பித்துவிடும். மிச்சம் இருப்பவை விநோதமான விதிகள், எப்போதோ வருபவை. சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனால் ராணி என்று வைத்துவிட்டால் என்ன? வேறு எதைத்தான் யார் கேட்கப்போகிறார்கள்?

சாவேத்ரா நிலை என்று செஸ் உலகில் பேர்பெற்ற ஒன்று உண்டு, 1895-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. (பலகையின் நெடுவரிசைகள் இடமிருந்து ஏ முதல் எச் வரை; கிடைவரிசைகள் வெள்ளையின் பக்கமிருந்து 1 முதல் 8 வரை.) வெள்ளைக்கு பி6-ல் ராஜா, சி6-ல் ஒரு சிப்பாய். கருப்புக்கு ஏ1-ல் ராஜா, டி5-ல் யானை. வெள்ளை சிப்பாயை சி7-க்குத் தள்ளுகிறது. கருப்பு யானை செக் மேல் செக் வைத்து வெள்ளை ராஜாவைக் கீழே சி2 வரை விரட்டிவிட்டு, டி4-ல் போய் நிற்கிறது. இப்போது சி8-ல் ராணி எடுத்தால், யானை சி4-க்கு வந்து செக் சொல்லும். ராணி அதை வெட்டியாக வேண்டும். வெட்டினால் கருப்புக்கு நகர இடமே இல்லை. ஸ்டேல்மேட், ஆட்டம் சமன். ராணிக்குப் பதில் யானை எடுத்தால் அந்தத் தந்திரம் பலிக்காது. அடுத்து சி8 யானை ஏ8-க்குப் போனால் மேட். அதைத் தடுக்கக் கருப்பு யானை ஏ4-க்கு ஓட வேண்டும். வெள்ளை ராஜா பி3-ல் கால் வைத்ததும் யானையின் மேலும் குறி, சி1-ல் மேட் என்றும் மிரட்டல். வெள்ளைக்கு வெற்றி. "ராணி மட்டும் போதும்" என்று எழுதிய என்ஜின் இந்த வெற்றியை ஆயுளுக்கும் கண்டுபிடிக்காது. எவ்வளவு வேகமான கணினி கொடுத்தாலும் பயனில்லை. பட்டியலில் இல்லாத நகர்வை எந்தத் தேடலும் தேடாது.

காஸ்லிங்கில் வேறு விதமான சறுக்கல்கள். ராஜா செக்கில் இருக்கக் கூடாது, அது கடக்கும் கட்டமும் போய்ச் சேரும் கட்டமும் எதிராளியின் தாக்குதலில் இருக்கக் கூடாது என்பது விதி. ராணிப் பக்கம் காஸ்லிங் செய்தால் வெள்ளை ராஜா ஈ1-லிருந்து டி1 வழியாக சி1-க்குப் போகும். பி1 கட்டத்தை யானை மட்டுமே கடக்கிறது. ஆகவே பி1 காலியாக இருந்தால் போதும், அதை எதிராளி தாக்கினால் தாக்கட்டும். பலர் மூன்று கட்டத்தையும் ஒரே லூப்பில் போட்டு சோதித்து, செல்லுபடியாகும் காஸ்லிங்கைத் தடுத்துவிடுகிறார்கள். இன்னொன்று: எச்1 யானை நகர்ந்தால் அந்தப் பக்கத்துக் காஸ்லிங் உரிமை போய்விடும் என்று எழுதுவார்கள். நகராமல் இருந்த இடத்திலேயே அது வெட்டுப்பட்டால்? அதை எழுத மறந்திருப்பார்கள். பிறகு வேறொரு யானை எச்1-க்கு வந்து நின்றால், என்ஜின் அதைக் கொண்டு காஸ்லிங் செய்யும்.

எனக்குப் பிடித்த விதி என் பாசான். எதிராளியின் சிப்பாய் இரண்டு கட்டம் பாய்ந்து நம் சிப்பாயின் பக்கத்தில் வந்து நின்றால், அது ஒரு கட்டம்தான் வந்தது போலப் பாவித்து அடுத்த நகர்விலேயே வெட்டலாம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஏ5-ல் வெள்ளை ராஜா, பி5-ல் வெள்ளைச் சிப்பாய், அதே வரிசையின் மறுகோடியில் எச்5-ல் கருப்பு யானை. கருப்பு தன் சி7 சிப்பாயை சி5-க்குத் தள்ளுகிறது. ராஜாவுக்கும் யானைக்கும் நடுவே இப்போது இரண்டு சிப்பாய்கள். நடுவில் ஒரே காய் இருந்தால் அது கட்டுண்ட காய், நகரக் கூடாது; இரண்டு இருந்தால் ஒன்று நகரலாம். வழக்கமான சோதனை இப்படித்தான் யோசிக்கும். ஆனால் பி5 சிப்பாய் என் பாசானாக சி6-க்குப் போய் வெட்டினால், அதுவும் போகிறது, வெட்டுப்பட்ட சி5 சிப்பாயும் போகிறது. ஒரே நகர்வில் வரிசையிலிருந்து இரண்டு காய்கள் மறைந்து, ராஜா யானைக்கு நேர் எதிரே நிற்கும். செல்லாத நகர்வு. செஸ்ஸில் வேறு எந்த நகர்விலும் இப்படி நடக்காது.

இதையெல்லாம் தலையில் வைத்துக்கொண்டு சரிபார்க்க முடியாது. அதற்கென்றே பெர்ஃப்ட் என்று ஒரு சோதனை உண்டு. மதிப்பீடு வேண்டாம், யோசனை வேண்டாம். ஒரு நிலையிலிருந்து இத்தனை படி ஆழத்துக்குச் செல்லுபடியாகும் நகர்வுத் தொடர்கள் மொத்தம் எத்தனை என்று எண்ணிச் சொன்னால் போதும். ஆரம்ப நிலையில் ஒரு படிக்கு 20. இரண்டுக்கு 400. மூன்றுக்கு 8,902. நான்குக்கு 1,97,281. ஐந்துக்கு 48,65,609. இவை எல்லாருக்கும் தெரிந்த எண்கள். உங்கள் நிரலும் இதே எண்களைத் தர வேண்டும். ஒன்று கூடவோ குறையவோ கூடாது.

நான்காவது எண் சரியாக வந்ததும் துள்ளிக் குதிக்காதீர்கள். ஆரம்ப நிலையிலிருந்து நான்கு படிக்குள் என் பாசான் ஒருமுறைகூட வராது. ஐந்தாவது படியில்தான் முதன்முதலாக வரும், 258 முறை. அந்த விதியையே எழுதாத என்ஜின் நான்காவது படி வரை முழு மதிப்பெண் வாங்கிவிட்டு, ஐந்தில் 48,65,351 என்று சொல்லும். காஸ்லிங் இன்னும் தாமதம். ஏழாவது படியில்தான் எட்டிப்பார்க்கும். இதற்காகவே சிக்கலை எல்லாம் ஒரே இடத்தில் திரட்டி வைத்த சோதனை நிலைகள் இருக்கின்றன. கிவிபீட் என்று அழைக்கப்படும் நிலையில் முதல் படியிலேயே 48 நகர்வுகள், இரு பக்கக் காஸ்லிங்கும் சேர்த்து. அடுத்த இரண்டு படிகளுக்கு 2,039, 97,862. இந்த மூன்று எண்கள் ஆரம்ப நிலையின் நான்கு எண்களைவிட அதிகப் பிழைகளைப் பிடித்துக் கொடுக்கும்.

எண் தப்பினால் பிழை எங்கே என்று எப்படித் தேடுவது? மொத்தத்தை விட்டுவிட்டு, முதல் நகர்வு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எண்ணிக்கையை அச்சிடுங்கள். ஸ்டாக்ஃபிஷ் என்ற பேர்பெற்ற என்ஜினின் "கோ பெர்ஃப்ட்" கட்டளையும் அதே போல நகர்வு வாரியாகக் கணக்குக் கொடுக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எந்த நகர்வில் எண் வேறுபடுகிறது என்று தெரியும். அந்த நகர்வை ஆடிவிட்டு, ஆழத்தை ஒன்று குறைத்து மறுபடி செய்யுங்கள். நாலைந்து சுற்றில் ஒரே ஒரு நிலையும் ஒரே ஒரு தவறான நகர்வும் கையில் வந்து நிற்கும். கணினி நிரலில் இவ்வளவு துல்லியமாகக் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும் சோதனை கிடைப்பது அபூர்வம். இதைச் செய்யாமல் தேடலுக்குள் போவது வலியத் தேடிக்கொள்ளும் வினை.

ராஜாவை வெட்ட விடுவது

விதிப் பகுதியில் பழக்கத்தில் இருக்கும் ஒரு குறுக்குவழியைத் தனியே சொல்ல வேண்டும். நகர்வு செல்லுமா என்று பார்ப்பதே வேண்டாம். செக்கில் இருந்தாலும் எதையாவது ஆடட்டும், அடுத்த படியில் எதிராளி ராஜாவை வெட்டட்டும், ராஜாவுக்கு மிகப் பெரிய மதிப்பு வைத்துவிட்டால் அப்படிப்பட்ட நகர்வுகள் தாமாகவே ஒதுங்கிவிடும் என்பது யோசனை. அழகான யோசனைதான். மிகச் சிறிய என்ஜின்கள் இப்படித்தான் எழுதப்படுகின்றன.

எங்கே உதைக்கும் என்று பாருங்கள். ஏ8-ல் கருப்பு ராஜா, பி6-ல் வெள்ளை ராணி, வெள்ளை ராஜா எங்கோ தொலைவில். கருப்புக்கு வேறு காய் இல்லை, ஆட வேண்டியதும் கருப்பு. ஏ7, பி7, பி8 மூன்றும் ராணியின் பிடியில். ஏ8-ல் செக் இல்லை. ஆக ஸ்டேல்மேட், சமன். ஆனால் நம் என்ஜின் என்ன பார்க்கிறது? கருப்பு எதை ஆடினாலும் அடுத்து ராஜா வெட்டுப்படுகிறது. மேட் என்று குறித்துக்கொள்கிறது. விளைவு, ஒரு ராணி அதிகம் வைத்துக்கொண்டு ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் அது தேடித் தேடிப் போய் ஸ்டேல்மேட் வைக்கும், அதுவும் முழு நம்பிக்கையோடு.

திருத்தம் சின்னது. எல்லா நகர்விலும் ராஜா போகிறது என்று தெரிந்ததும், இப்போது செக் இருக்கிறதா என்று ஒரு கேள்வி. இல்லையென்றால் மதிப்பு 0. அந்த ஒரு கேள்வியைச் சேர்த்துவிட்டால் இந்தக் குறுக்குவழி நேர்மையானதாகிவிடும், விடையும் மாறாது. விட்டுவிட்டால் அது வேறு ஏதோ ஒரு விளையாட்டை ஆடும் என்ஜின்.

தேடல் என்ற பகுதி

இங்கே கதை தலைகீழ். ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்வு என்று வைத்தால், நான்கு படிக்கு 35-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும்: 15,00,625 நிலைகள். எட்டுப் படி என்றால் இரண்டு லட்சம் கோடியைத் தாண்டும். முழுவதையும் பார்ப்பதுதான் முறை என்று பிடிவாதம் பிடித்தால் ஆட்டம் முடியாது.

ஆல்ஃபா-பீட்டா என்ற உத்தி இதை உடைக்கிறது. முதல் நகர்வை ஆராய்ந்து, இதை ஆடினால் குறைந்தது சமன் கிடைக்கும் என்று கண்டாயிற்று. இரண்டாவது நகர்வைப் பார்க்கும்போது, எதிராளி பதிலுக்கு நம் யானையைச் சும்மா வெட்டிவிடலாம் என்று தெரிகிறது. அவருடைய மற்ற 34 பதில்களையும் பார்க்க வேண்டுமா? வேண்டாம். அவற்றில் இன்னும் மோசமானது இருக்கலாம், ஆனால் இந்த நகர்வை நிராகரிக்க ஒரு காரணமே போதும். நகர்வுகளை நல்ல வரிசையில் பார்த்தால், அந்த 15,00,625 நிலைகள் மிகச் சாதகமான நிலையில் 2,449 ஆகக் குறையும்.

கவனிக்க வேண்டியது, விடை ஒரு துளிகூட மாறுவதில்லை. முழுத் தேடல் சொல்லும் அதே மதிப்பைத்தான் இதுவும் சொல்லும். அதனால் சோதிப்பதும் எளிது. ஒரே ஆழத்தில் ஆல்ஃபா-பீட்டாவோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை ஓடவிட்டு, இரண்டு மதிப்பும் ஒன்றா என்று பாருங்கள். வேறுபட்டால் எங்கோ கூட்டல் குறி கழித்தல் குறி மாறிக் கிடக்கிறது. பெரும்பாலும் அதுதான்.

விடையையே மாற்றக்கூடிய குறுக்குவழிகள் வேறு ரகம். 1950-களின் பிற்பாதியில் அலெக்ஸ் பெர்ன்ஸ்டைனும் கூட்டாளிகளும் ஐபிஎம் 704-ல் எழுதிய ப்ரோக்ராம், ஒவ்வொரு நிலையிலும் நல்லதாகத் தோன்றும் ஏழு நகர்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட்டது. நான்கு படிக்கு 2,401 நிலைகள். ஒரு நகர்வுக்கு எட்டு நிமிடம் ஆனது. மனிதர்கள் ஆடுவதும் அப்படித்தானே என்று தோன்றும். ஆனால் எட்டாவதாக ஒதுக்கப்பட்ட நகர்வு ராணியைப் பலி கொடுத்து மேட் வைப்பதாக இருந்தால், என்ஜினுக்கு அது தெரியவே தெரியாது. நல்ல நகர்வு எது என்று தேடிய பிறகுதான் தெரியும். தேடுவதற்கு முன்பே கேட்டால் ஊகம்தான் பதில். 1973-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்லேட்டும் லாரி அட்கினும் செஸ் 4.0-ல் இப்படி முன்கூட்டியே வடிகட்டுவதைக் கைவிட்டு எல்லா நகர்வுகளையும் பார்க்கும் முறைக்குத் திரும்பினார்கள். நிரலும் எளிமையானது, ஆட்டமும் வலுத்தது. புத்திசாலித்தனமாகத் தோன்றிய வழியைவிட முரட்டு வழி ஜெயித்த இடம் இது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. இன்றைய என்ஜின்கள் மறுபடியும் மூர்க்கமாக வெட்டித் தள்ளுகின்றன. வித்தியாசம் என்னவென்றால், தோற்றத்தைப் பார்த்துத் தள்ளுவதில்லை. ஒரு சிறிய தேடல் நடத்திப் பார்த்துவிட்டுத் தள்ளுகின்றன. நல் மூவ் என்ற உத்தியை எடுத்துக்கொள்வோம். என் முறையை விட்டுக்கொடுத்து எதிராளியைத் தொடர்ந்து இருமுறை ஆடவிடுகிறேன். அப்படியும் என் நிலை நன்றாகவே இருந்தால், உண்மையில் ஆடினால் இன்னும் நன்றாகத்தான் இருக்கும். இந்தக் கிளையில் மேலும் நேரம் செலவழிக்க வேண்டாம்.

இது எங்கே பொய்க்கும்? ஆடாமல் இருப்பதே நல்லது என்ற நிலையில். ஈ6-ல் வெள்ளை ராஜா, டி7-ல் வெள்ளைச் சிப்பாய், டி8-ல் கருப்பு ராஜா, முறை கருப்பினுடையது. கருப்புக்கு இருப்பது ஒரே நகர்வு, சி7. ஆடியதும் வெள்ளை ராஜா ஈ7-க்கு வந்து சிப்பாயை ராணியாக்கிவிடும். அதே நிலையில் முறை வெள்ளையினுடையதாக இருந்தால் சமன்தான்; ராஜா டி6-க்குப் போனால் ஸ்டேல்மேட், வேறு எங்கே போனாலும் சிப்பாய் பறிபோகும். நல் மூவ் உத்தி கருப்புக்கு "நீ பத்திரம்" என்று சொல்லும், ஆட்டம் தோற்றுக்கொண்டிருக்கும். ஆகவே தன் பக்கம் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சியிருந்தால் என்ஜின்கள் இந்த உத்தியை அணைத்துவிடுகின்றன. எங்கே தவறும் என்று தெரிந்துகொண்டு, அங்கே மட்டும் விலகிப் போகும் குறுக்குவழி.

ஆரம்பநிலையில் பலரும் விட்டுவிடுவது தேடலின் கடைசி படியை. ஆழம் முடிந்தது, நில், மதிப்பீட்டைச் சொல் என்று எழுதினால், அந்தக் கடைசி நகர்வு ராணி ஒரு சிப்பாயை வெட்டுவதாக இருக்கலாம். என்ஜின் 100 லாபம் என்று கணக்கு எழுதும். அந்தச் சிப்பாய்க்கு இன்னொரு சிப்பாய் காவல் என்பதும், அடுத்த நகர்வில் ராணி போகும் என்பதும் அதன் கண்ணுக்கு எட்டாது. ஆழத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைப்பீர்கள். ஆகாது, அதே குருட்டுப் புள்ளி ஒரு படி தள்ளிப் போய் உட்காரும். வெட்டுகள் ஓயும் வரை வெட்டு நகர்வுகளை மட்டும் தொடர்ந்து பார்க்கும் ஒரு குட்டித் தேடலைக் கடைசியில் சேர்க்க வேண்டும். இருபது முப்பது வரிதான். தொடக்க என்ஜின் ஒன்றின் ஆட்டத்தை இவ்வளவு சில வரிகளில் இந்த அளவு மாற்றும் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

சின்னதாக இன்னொன்று. எல்லா மேட்டுக்கும் ஒரே மதிப்பு கொடுக்காதீர்கள். மூன்று நகர்வில் மேட்டும் ஐந்து நகர்வில் மேட்டும் என்ஜினுக்குச் சமமாகிவிட்டால், அது ஒவ்வொரு முறையும் "மேட் கையில்தானே இருக்கிறது" என்று வேறெதையோ ஆடிக்கொண்டு, 50 நகர்வு விதியில் (50 நகர்வுக்கு வெட்டும் சிப்பாய் நகர்வும் இல்லையென்றால் சமன்) போய்ச் சமன் வாங்கும். மேட் மதிப்பிலிருந்து எத்தனை படி என்பதைக் கழித்துவிட்டால் தீர்ந்தது.

சரி, விடையை மாற்றும் குறுக்குவழி லாபமா நஷ்டமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கே பெர்ஃப்ட் போல ஒற்றை எண் கிடையாது. பழைய பதிப்பும் புதிய பதிப்பும் மோத வேண்டும். 100 ஆட்டத்தில் 55-45 என்று புதியது ஜெயித்தால் முன்னேற்றம் என்று தோன்றும். சமபலமுள்ள இருவர் 100 முறை மோதினாலும் அந்த அளவு ஏற்றத்தாழ்வு தற்செயலாகவே வரும்; நாணயத்தை 100 முறை சுண்டினால் 55 தலை விழுவதில் அதிசயம் இல்லையே. சில ஆயிரம் ஆட்டங்கள் ஓடாமல் சின்ன முன்னேற்றங்களைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. பத்து ஆட்டம் பார்த்து முடிவெடுப்பதுதான் இந்தத் துறையிலேயே மிக மோசமான குறுக்குவழி என்பேன்.

ஸ்டாக்ஃபிஷ் இதற்காக 2013 முதல் ஃபிஷ்டெஸ்ட் என்ற ஏற்பாட்டை நடத்துகிறது. தன்னார்வலர்கள் தங்கள் கணினி நேரத்தைக் கொடுக்கிறார்கள். யார் எந்த மாற்றம் முன்வைத்தாலும் அது ஆயிரக்கணக்கான, பல நேரம் பல்லாயிரக்கணக்கான ஆட்டங்களில் பழைய பதிப்போடு மோதித் தேற வேண்டும். அங்கே வரும் மாற்றங்களில் ஒரு வகை, எதையும் சேர்ப்பதில்லை. இருக்கும் சில வரிகளை நீக்கிவிட்டு, இவை இல்லாமலும் ஆட்டம் பலவீனமாகவில்லை என்று காட்டினால் போதும். காட்டிவிட்டால் அந்த வரிகள் வெளியேறும்.